இரண்டும் திறந்த மூலம்தானே, சேர்த்துக் கொடுத்தால் என்ன?

வந்த கேள்வி இது:

"போட்டோ ஸ்டுடியோக்களுக்குச் சின்னதாக ஸ்டோரேஜ் பெட்டி அசெம்பிள் செய்து விற்கிறேன். உள்ளே லினக்ஸ், அதில் கோப்பு முறைமையாக இசட்எஃப்எஸ், நாலு டிஸ்க், அவ்வளவுதான். இப்படி விற்கக் கூடாது, லைசென்ஸ் ஒத்துவராது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். இரண்டுமே திறந்த மூலம். இரண்டின் நிரலையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நான் எதையும் மறைக்கவில்லை. இதில் என்ன சிக்கல் வர முடியும்? சும்மா கிளப்பிவிடுகிறார்களா?"

ஜூன் 3, இரவு

சும்மா கிளப்பிவிடவில்லை. அதற்காக அவர் சொல்லும் அளவுக்கு நடுங்கவும் வேண்டாம்.

லினக்ஸ் கெர்னல், அதாவது அந்த இயங்குதளத்தின் மையக்கரு, மொத்தமாக ஜிபிஎல் என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது, இரண்டாம் பதிப்பு மட்டும். இசட்எஃப்எஸ்ஸை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005-ல் தன் சோலாரிஸ் இயங்குதளத்தின் திறந்த வடிவமான ஓபன்சோலாரிஸோடு வெளியே விட்டபோது சிடிடிஎல் என்ற உரிமத்தில் விட்டது. மொஸில்லாவின் எம்பிஎல் 1.1 உரிமத்தை எடுத்து அங்கங்கே மாற்றிச் செய்தது அது. ஜிபிஎல் என்ன கேட்கிறது? என்னைச் சேர்த்து ஒன்றை உருவாக்கி அடுத்தவருக்குக் கொடுத்தால் முழுவதையும் என் நிபந்தனையில் கொடு, அதற்கு மேல் ஒரு நிபந்தனையும் போடாதே. சிடிடிஎல் என்ன கேட்கிறது? பைனரியை (ஓட்டத் தயாராக பில்ட் செய்த வடிவத்தை) எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள், ஆனால் என் கோப்புகளின் மூல நிரல் சிடிடிஎல்லில் மட்டும்தான் போக வேண்டும். இப்போது கெர்னலும் அதில் சொருகிக்கொள்ளும் இசட்எஃப்எஸ் மாட்யூலும் சேர்ந்து ஒரே படைப்பு என்று வைத்துக்கொண்டால், அதே கோப்புகள் ஜிபிஎல்லிலும் போக வேண்டும், சிடிடிஎல்லில் மட்டுமே போகவும் வேண்டும். இரண்டு பேருக்கும் சரி சொல்ல வழி கிடையாது.

"மறைக்கவில்லை" என்பது இங்கே எடுபடாது, ஏனென்றால் மறைத்தாய் என்று யாரும் சொல்லவில்லை. சிடிடிஎல் கட்டற்ற உரிமம்தான் என்று ஜிபிஎல்லை எழுதிய எஃப்எஸ்எஃப் அமைப்பே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, ஜிபிஎல்லோடு சேராது என்றும் அடுத்த வரியிலேயே சொல்கிறது.

ஜூன் 3, தூங்கப் போகும் முன்

மேலே "அடுத்தவருக்குக் கொடுத்தால்" என்று எழுதியதை இன்னொரு தடவை படிக்கவும். ஜிபிஎல்லின் இந்த நிபந்தனைகள் விநியோகிக்கும்போதுதான் கண் விழிக்கின்றன. உங்கள் வீட்டு மெஷினில் எதையும் எதோடும் கலந்து ஓட்டலாம், கேட்பாரில்லை. என் வீட்டில் ஓடுவதும் லினக்ஸில் இசட்எஃப்எஸ்தான். பெட்டியில் போட்டு விற்பது விநியோகம்.

ஜூன் 4

"ஃப்ரீபிஎஸ்டியில் எந்தச் சண்டையும் இல்லாமல் இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான அதில் இசட்எஃப்எஸ் 2008-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதன் பிஎஸ்டி உரிமம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காது. என் பெயரை எடுக்காதே, பொறுப்புத் துறப்பை எடுக்காதே, மற்றபடி உன் பாடு. சிடிடிஎல்லும் கோப்பு அளவிலேயே நின்றுவிடுகிறது, பக்கத்துக் கோப்பைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதனால் அந்த வீட்டில் அமைதி.

இதிலிருந்து தெரிய வேண்டியது: ஒத்துப்போவதற்குத் திசை உண்டு. எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் உள்ள நிரல் ஜிபிஎல் திட்டத்துக்குள் போகலாம், ஜிபிஎல் நிரல் எம்ஐடி திட்டத்துக்குள் எம்ஐடியாகவே வர முடியாது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அலுவலக மென்பொருள் இரண்டும்தான். ஆரக்கிள் 2011-ல் ஓபன்ஆஃபிஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது, அது அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. அதிலிருந்து பிரிந்து வந்த லிப்ரேஆஃபிஸ் எம்பிஎல் 2.0, எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்) பக்கம். லிப்ரேஆஃபிஸ் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், எடுத்தும் இருக்கிறது. அங்கே திரும்பிப் போக வழியில்லை. அன்னியோன்யமாக இருக்க வேண்டிய இரண்டு திட்டங்களில் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் பாய்ந்தது. ஓபன்ஆஃபிஸ் தேங்கிப்போனதற்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆட்களும் போய்விட்டார்கள். ஆனால் எதிர்த்தரப்பு செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் பார்க்க முடியும், எடுக்க முடியாது என்ற நிலையில் வேலை செய்து பார்த்தால் தெரியும்.

ஜூன் 4, மாலை

"அப்பாச்சி ஜிபிஎல்லோடு சேரும் என்று படித்தேனே?" மூன்றாம் பதிப்போடு சேரும். இரண்டாம் பதிப்பு மட்டும் என்றால் சேராது என்பது எஃப்எஸ்எஃப் கருத்து. அப்பாச்சியில் உள்ள காப்புரிமை (பேடன்ட்) முடிவுறுத்தல் பிரிவும் இழப்பீட்டுப் பிரிவும் ஜிபிஎல் 2-ல் இல்லாத கூடுதல் நிபந்தனைகள். ரஸ்ட் மொழிக்காரர்கள் எம்ஐடி அல்லது அப்பாச்சி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று இரண்டையும் நீட்டுவதில் இந்தக் கணக்கும் உண்டு. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் அப்பாச்சிக்கு மாறியபோது ஜிபிஎல் 2-க்காகவே தனியாக ஒரு விதிவிலக்கு எழுதிச் சேர்த்துக்கொண்டது.

இதைவிட வேடிக்கை: "இரண்டாம் பதிப்பு மட்டும்" என்ற ஜிபிஎல்லும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும் ஒன்றோடொன்று சேராது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பி, பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 5

டிகேஎம்எஸ் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். மாட்யூலை மூல நிரலாக மட்டும் கொடுப்பது, பயனர் மெஷினிலேயே அவருடைய கெர்னலுக்கு அது பில்ட் ஆகும். சேர்க்கை உங்கள் வீட்டில் நடக்கிறது, விநியோகத்தில் நடக்கவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு இப்படித்தான் கொடுக்கிறது, அதையும் முதன்மைப் பகுதியில் வைக்காமல் "கான்ட்ரிப்" பகுதியில் வைத்து.

சட்டத்துக்குச் சுத்தமான வழி, ஆளுக்குச் சுத்தமான வழி அல்ல. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பேக்கப் சர்வரில் ராத்திரி தானாகவே புதிய கெர்னல் ஏறிவிட்டது, மாட்யூல் அந்தக் கெர்னலுக்கு பில்ட் ஆகவில்லை, விடிகாலை ரீபூட்டுக்குப் பிறகு பூலை (இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளின் தொகுப்பை) காணோம். தரவு டிஸ்க்கில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. பழைய கெர்னலில் பூட் செய்ததும் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் நான் அங்கே போய்ச் சேரும்வரை மேலதிகாரிக்கு "இது உரிமப் பிரச்சினை" என்று போனில் விளக்க வேண்டியிருந்தது பாருங்கள், அது தனிக் கதை. டிஸ்க் போய்விட்டது என்றால் புரிந்திருக்கும் அவருக்கு.

கெர்னல் பேக்கேஜை ஹோல்டில் போட்டு வையுங்கள். மாட்யூல் பில்ட் ஆனதைப் பார்த்த பிறகு ரீபூட் செய்யுங்கள். அவ்வளவுதான் பாடம்.

ஜூன் 7

முதல் குறிப்பில் "ஒரே படைப்பு என்று வைத்துக்கொண்டால்" என்று எழுதினேன். அந்த "வைத்துக்கொண்டால்" மேல்தான் மொத்தச் சண்டையும் நிற்கிறது என்று ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

இசட்எஃப்எஸ் சோலாரிஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸ் இல்லாமலே பிறந்து வளர்ந்த ஒன்றை லினக்ஸின் வழிப்படைப்பு என்று எப்படிச் சொல்வது? வேறு இயங்குதளத்துக்காக எழுதிய ஏஎஃப்எஸ் கோப்பு முறைமையைப் பற்றி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பல ஆண்டுகளுக்கு முன் இந்த மாதிரி பேசியிருக்கிறார். மறுபக்கம், மாட்யூல் கெர்னலின் தலைப்புக் கோப்புகளைச் சேர்த்துத்தான் பில்ட் ஆகிறது, கெர்னலின் உள்ளுறுப்புகளைத் தொட்டுத்தான் ஓடுகிறது, கெர்னல் இல்லாமல் அந்த .கேஓ மாட்யூல் கோப்புக்கு வாழ்வே இல்லை.

2016-ல் இது வெடித்தது. உபுண்டு 16.04-ல் இசட்எஃப்எஸ் மாட்யூலை பில்ட் செய்த பைனரியாகவே கொடுக்கப்போவதாக, உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிடும் கேனோனிக்கல் நிறுவனம் அறிவித்தது. அந்த பிப்ரவரியிலேயே சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பு இது ஜிபிஎல் மீறல் என்று எழுதியது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் வக்கீல் எபன் மோக்லனின் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் வேறு மாதிரி எழுதியது: எழுத்துப்படி பார்த்தால் இடிக்கும், ஆனால் மூல நிரல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற உரிமத்தின் நோக்கம் கெடவில்லை, அதைப் போதும் என்று ஏற்பதும் ஏற்காததும் கெர்னலின் பதிப்புரிமையாளர்கள் கையில். மோக்லன் யாரோ அல்ல, ஜிபிஎல் மூன்றாம் பதிப்பை எழுதுவதில் எஃப்எஸ்எஃப்பை நிறுவிய ரிச்சர்ட் ஸ்டால்மேனோடு உட்கார்ந்தவர். ஸ்டால்மேன் ஏப்ரலில் எழுதியது மீறல் என்ற பக்கம். ஆக ஜிபிஎல்லை எழுதியவர்களுக்குள்ளேயே ஜிபிஎல் என்ன சொல்கிறது என்பதில் ஒரே பேச்சு இல்லை.

வழக்கு? நடக்கவில்லை. உபுண்டு இன்றும் கொடுக்கிறது, சர்வர் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் கொடுக்கிறது, டெபியனை அடிப்படையாகக் கொண்ட சேமிப்பு மென்பொருளான ட்ரூநாஸ் (முன்பு ட்ரூநாஸ் ஸ்கேல்) முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. எந்த நீதிமன்றமும் வாய் திறக்காததால் இரண்டு தரப்பும் தங்கள் பக்கம் நியாயம் என்று தொடரலாம்.

ஜூன் 7, அப்புறம்

"அப்போ சரிதானே, அவர்கள் செய்தால் நாமும் செய்யலாம்." அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். உங்களிடம் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது.

ஜூன் 8

சன் வேண்டுமென்றே ஜிபிஎல்லோடு சேராத உரிமத்தை எழுதியதா என்ற பழைய பட்டிமன்றம் கீழே தொடங்கிவிட்டது. எதிர்பார்த்தேன்.

தெரிந்தது இவ்வளவு. டெபியன்காரர்களின் 2006 டெப்கான்ஃப் மாநாட்டில் டனீஸ் கூப்பர், சன்னின் திறந்த மூல வேலைகளை முன்னின்று பார்த்தவர், சேரக் கூடாது என்பது ஒரு காரணமாக இருந்தது என்று சொன்னார். அதே சன்னின் சைமன் ஃபிப்ஸ் அப்படி இல்லை என்று மறுத்தார். சோலாரிஸ் பொறியாளர் பிரையன் கேன்ட்ரிலும் மறுத்திருக்கிறார். உள்ளே இருந்தவர்களுக்கே ஒத்துப்போகாத விஷயத்தை வெளியே இருந்து நாம் தீர்க்க வேண்டாம். உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கட்டும், எழுதியவர் மனசில் இருந்தது கட்டாது.

ஜூன் 9

நேற்று கடைசியில் எழுதியது சட்டத்துக்குச் சரி, மனிதர்களுக்குப் போதாது என்று காலையில் டீ குடிக்கும்போது தோன்றியது.

2019 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். கெர்னலில் சில செயற்கூறுகளை (ஃபங்க்ஷன்களை) எல்லா மாட்யூலும் அழைக்கலாம். சிலவற்றின் மேல் "ஜிபிஎல் மாட்யூலுக்கு மட்டும்" என்று முத்திரை இருக்கும். சிபியூவின் வெக்டர் பதிவேடுகளை (பல எண்களை ஒரே வீச்சில் கணக்கிட உதவுபவை) பயன்படுத்த உதவும் ஒரு செயற்கூறு எல்லோருக்கும் திறந்திருந்தது. கெர்னலின் 5.0 பதிப்பில் அது போய்விட்டது, மிச்சமிருந்தது ஜிபிஎல் மாட்யூலுக்கு மட்டும். இசட்எஃப்எஸ் தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் தன் செக்சம் கணக்குகளை வேகமாகப் போட அதைத்தான் நம்பியிருந்தது. முறையிட்டபோது கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் சொன்னதன் சாரம்: சன் தன் நிரல் லினக்ஸில் ஓடக் கூடாது என்று வெளிப்படையாகவே நினைத்தது, அதற்காக நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? இசட்எஃப்எஸ்காரர்கள் பதிவேடுகளைத் தாங்களே சேமித்து மீட்கும் நிரலை எழுதி ஒருவழியாகச் சமாளித்தார்கள்.

சன் அப்படி நினைத்ததா என்று யாருக்கும் உறுதியில்லை. நினைத்தது என்ற நம்பிக்கை மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது. உரிமம் கட்டாததை மனக்கசப்பு கட்டிப்போட்டது.

ஜூன் 9, இரவு

"ஆரக்கிள்தானே சன்னை வாங்கியது, ஒரு கடிதம் போட்டால் தீர்ந்ததே."

2020 ஜனவரியில் லினஸும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். ஆரக்கிளின் தலைமை வக்கீலோ அதை நிறுவிய லாரி எல்லிசனோ கையெழுத்திட்ட அதிகாரப்பூர்வக் கடிதம் வந்தால் பார்க்கலாம், இல்லாமல் இசட்எஃப்எஸ்ஸை கெர்னலில் சேர்க்க வாய்ப்பே இல்லை என்றார். ஜாவா இடைமுகங்களுக்காக ஆரக்கிள் கூகுளை நீதிமன்றம் நீதிமன்றமாக இழுத்துக்கொண்டிருந்த காலம் அது, பயம் நியாயமானது.

ஆனால் ஆரக்கிள் மட்டும் கையெழுத்திட்டால் போதுமா? போதாது என்றுதான் நான் பல இடங்களில் வாதாடியிருக்கிறேன். ஆரக்கிள் 2010-ல் ஓபன்சோலாரிஸை இழுத்து மூடிய பிறகு இசட்எஃப்எஸ் இல்லுமோஸ், ஓபன்இசட்எஃப்எஸ் என்ற சமூகத் திட்டங்கள் வழியாக வெளியே வளர்ந்தது. லினக்ஸுக்குக் கொண்டுவந்ததே அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம், அவர்களுடைய சூப்பர் கம்ப்யூட்டர்களின் சேமிப்புக்காக. அந்த ஆண்டுகளில் எழுதிய நிரல் எதுவும் ஆரக்கிளுக்குச் சொந்தமில்லை. எழுதிய ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

ஜூன் 10

இதற்கு ஒருவர் நல்ல குறுக்குக் கேள்வி போட்டிருக்கிறார். சிடிடிஎல்லுக்கு ஒரு காப்பாளர் உண்டு, முதலில் சன், இப்போது ஆரக்கிள். காப்பாளர் புதிய பதிப்பை வெளியிடலாம், ஏற்கெனவே வெளியான நிரலை அந்தப் புதிய பதிப்பின் கீழும் பயன்படுத்தலாம் என்று நான்காம் பிரிவே சொல்கிறது. அப்படியானால் ஆரக்கிள் "சிடிடிஎல் 2, ஜிபிஎல்லோடு சேரும்" என்று ஒன்றை வெளியிட்டால் மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்தே மாறிவிடாதா?

பாதி மாறும். அந்தப் பிரிவிலேயே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது: முதலில் எழுதியவர் "பிந்தைய பதிப்பு வேண்டாம்" என்று அறிவிப்பு போட்டால் பழைய பதிப்பிலேயே நிற்கும். இல்லுமோஸ்காரர்கள் புதிதாக எழுதிய கோப்புகளின் தலைப்பைத் திறந்து பாருங்கள், சிடிடிஎல் 1.0 பதிப்பின்படி மட்டுமே இந்தக் கோப்பைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். ஓபன்இசட்எஃப்எஸ்ஸிலும் அப்படிப்பட்ட கோப்புகள் உண்டு. ஆரக்கிள் கையில் கடிவாளம் இருக்கக் கூடாது என்று போட்ட பூட்டு. பூட்டியதைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் பூட்டியிருப்பேன். அதே பூட்டு இப்போது ஆரக்கிள் நல்லது செய்ய நினைத்தாலும் (சிரிக்காதீர்கள்) தடுக்கிறது.

லினக்ஸ் பக்கமும் இதே நிலைதான். ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய கெர்னல், "இரண்டாம் பதிப்பு மட்டும்". லினஸ் நினைத்தாலும் மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் இந்த உரிமச் சண்டைகளில் உரிமத்தின் வாசகம் பாதிதான். பதிப்புரிமை ஒரு கையில் இருக்கிறதா, ஆயிரம் கையில் சிதறிக் கிடக்கிறதா என்பதே மீதி. ஒரு கையில் இருந்தால் எவ்வளவு முட்டல் மோதல் என்றாலும் ஒருநாள் தீரும்.

ஜூன் 12

"ஒரு கையில் இருந்தால் தீரும்" என்றதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். கேடிஈ. 1990-களின் இறுதியில் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கேடிஈ அழகு ராஜா. ஆனால் அது நின்றது டிரோல்டெக் நிறுவனத்தின் க்யூட் நூலகத்தின் மேல், க்யூட்டின் அன்றைய உரிமம் ஜிபிஎல்லோடு சேராது. 1998-ல் டெபியன் கேடிஈயைக் கொடுக்க மாட்டோம் என்று நிறுத்தியது. க்னோம் என்ற போட்டி டெஸ்க்டாப் திட்டம் 1997-ல் தொடங்கியதற்கே க்யூட்டின் உரிமம்தான் காரணம். டிரோல்டெக் நிறுவனம் நடுவில் க்யூபிஎல் என்று ஒன்றை எழுதிப் பார்த்தது, அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் 2000 செப்டம்பரில் க்யூட் 2.2-ஐ ஜிபிஎல்லில் விட்டது. முடிந்தது. ஒரே நிறுவனம், ஒரே முடிவு.

முடிந்தது என்றா சொன்னேன்? சாம்பா 3.2 பதிப்பு ஜிபிஎல் மூன்றுக்குப் போகும் என்று 2007-ல் அறிவித்தார்கள். க்யூட் இரண்டில். விண்டோஸ் பகிர்வுகளைத் திறக்க கேடிஈக்கு சாம்பா நூலகம் வேண்டும், மறுபடியும் மூக்கு இடித்துக்கொண்டது. 2008 ஜனவரியில் டிரோல்டெக் மூன்றாம் பதிப்பையும் சேர்த்துக்கொண்டது. மறுபடியும் ஒரே கையெழுத்து.

ஜூன் 12, தொடர்ச்சி

எதிர் உதாரணத்தையும் நானே போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள். லிப்ரேடிடபிள்யூஜி. ஆட்டோகேட் வரைபடக் கோப்புகளைப் படிக்கும், எஃப்எஸ்எஃப்பின் குனு திட்ட நூலகம், பதிப்புரிமை முழுவதும் எஃப்எஸ்எஃப் கையில், உரிமம் ஜிபிஎல் மூன்று. இதற்கு ஏங்கிக்கிடந்த கட்டற்ற வரைபட (கேட்) மென்பொருள்கள் எவை? லிப்ரேகேட், அது பழைய க்யூகேட் நிரலிலிருந்து வந்ததால் ஜிபிஎல் இரண்டு மட்டும். ஃப்ரீகேட், அது நம்பியிருந்த நூலகங்களில் காயின்3டி அப்போது ஜிபிஎல் இரண்டு, ஓபன்கேஸ்கேடின் அன்றைய உரிமம் ஜிபிஎல்லோடே சேராது. இரண்டு திட்டங்களாலும் தொட முடியவில்லை. கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்டார்கள், எஃப்எஸ்எஃப் மாட்டேன் என்றது. கடைசியில் லிப்ரேகேட் பக்கத்தில் லிப்டிஎக்ஸ்எஃப்ஆர்டபிள்யூ என்று வேறு நூலகமே எழுதிக்கொண்டார்கள்.

கட்டற்ற மென்பொருளுக்காக எழுதிய நூலகத்தைக் கட்டற்ற கேட் மென்பொருள்களே எடுக்க முடியவில்லை. கொள்கைப்பிடிப்பு எனக்கும் பிடிக்கும், இதில் எஃப்எஸ்எஃப் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. ஆக ஒரு கையில் இருந்தால் தீர முடியும், அந்தக் கை மனசு வைத்தால்.

ஜூன் 14

சிதறிக் கிடந்ததைச் சேர்த்தவர்களும் உண்டு. ஓபன்எஸ்எஸ்எல், இணையத் தொடர்பை மறையாக்கும் நூலகம். அதன் பழைய உரிமத்தில் "விளம்பரத்தில் எங்கள் பெயரைப் போடு" என்ற நிபந்தனை, ஜிபிஎல்லுக்கு அது கூடுதல் நிபந்தனை. அதனால் எத்தனையோ ஜிபிஎல் நிரல்கள் தங்கள் உரிமத்தில் "ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு மட்டும் விதிவிலக்கு" என்று ஒட்டுப் போட்டன. போடாதவற்றுக்காகவே டெபியனில் இணையத்திலிருந்து தரவை இறக்கும் கர்ல் நூலகம் ஓபன்எஸ்எஸ்எல்லோடு ஒன்று, அதே வேலை செய்யும் க்னூடிஎல்எஸ்ஸோடு ஒன்று என்று கிடந்தது. எதற்கு இரண்டு என்று குழம்பியவர்கள் கை தூக்குங்கள். 2017-ல் பங்களித்த எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் கேட்டார்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்ற தொனியில் அது இருந்ததால் ஓபன்பிஎஸ்டியின் தியோ டி ராட் கொதித்தார். 2021 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி 2.0-ல் வந்தது. ஜிபிஎல் மூன்றுக்காரர்களுக்கு நிம்மதி. "இரண்டு மட்டும்" என்பவர்கள் அதே இடத்தில்.

நானும் ஒரு நண்பரும் பராமரித்த ஒரு சின்ன லாக் கருவியில் இதையே சின்ன அளவில் செய்தோம். ஜிபிஎல் இரண்டில் இருந்தது, அப்பாச்சி நூலகம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், "அல்லது பிந்தைய பதிப்பு" என்று மாற்றினால் போதும். பங்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பெரும்பாலோர் உடனே சரி என்றார்கள். ஒருவரின் மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது, வேறு எங்கும் ஆளைக் காணோம். அவர் எழுதிய தேதி பிரிக்கும் பகுதியை எடுத்துவிட்டு, அதைப் பார்த்தே இராத இன்னொருவரைப் புதிதாக எழுதச் சொன்னோம். இதெல்லாம் கஷ்டமே இல்லை. கஷ்டம் கொடுத்தவர், நல்ல மனிதர், "எனக்குச் சம்மதம், ஆனால் இதை அலுவலக நேரத்தில் எழுதினேன், உரிமை நிறுவனத்துடையது, கேட்டுச் சொல்கிறேன்" என்றவர். அந்த "கேட்டுச் சொல்கிறேன்" ஆறி அவலாகி, அவர் அங்கிருந்து வேலை மாறிய பிறகும் வரவில்லை. அவர் பகுதியையும் தூக்கித்தான் எழுதினோம். பேட்ச் (திருத்த நிரல்) வாங்கும்போதே இது யாருடையது என்று கேட்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

ஜூன் 15

எழுத்துருவுக்கும் இது உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. லோஹித் தமிழ் எழுத்துரு ஒரு காலத்தில் ஜிபிஎல், பிறகு எழுத்துருக்களுக்கென்றே எழுதிய ஓஎஃப்எல் உரிமத்துக்கு மாறியது. ஜிபிஎல் எழுத்துருவை ஒரு பிடிஎஃப்பில் பொதித்தால் அந்த ஆவணமும் ஜிபிஎல் ஆகிவிடுமா என்று கேள்வி வரும், அதற்குத் தனியாக விதிவிலக்கு எழுத வேண்டும். ஓஎஃப்எல்லில் அந்தத் தலைவலியே இல்லை, ஆவணத்துக்கு இந்த உரிமம் பரவாது என்று அதிலேயே சொல்லியாகிவிட்டது.

ஜூன் 18

பெட்டி விற்பவர் மறுபடி வந்து "கதை எல்லாம் சரி, நான் என்ன செய்யட்டும்" என்கிறார். நியாயம்.

ஒன்று, ஃப்ரீபிஎஸ்டியைப் போட்டுக் கொடுங்கள். இந்த வேலைக்கு அது எந்த விதத்திலும் குறைவில்லை, ஸ்டுடியோக்காரர் பார்க்கப்போவது ஒரு நெட்வொர்க் ஃபோல்டரைத்தான். உரிமங்களின் நகலையும் இசட்எஃப்எஸ் மூல நிரல் எங்கே கிடைக்கும் என்ற தகவலையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். லினக்ஸ்தான் பழக்கம் என்றால், பெட்டியைக் காலியாகக் கொடுத்து, வாடிக்கையாளர் இடத்தில் அவர் பெயரில் அவர் மெஷினில் டிகேஎம்எஸ் வழியாக நிறுவிக் கொடுப்பது அடுத்தது. சுற்றுவழி, ஆனால் டெபியன் நிற்கும் இடத்திலேயே நீங்களும் நிற்பீர்கள். நீங்களே கெர்னலும் மாட்யூலும் சேர்த்து பில்ட் செய்த ஒரு இமேஜை எல்லாப் பெட்டியிலும் எழுதி விற்கிறீர்கள் என்றால், அதை மட்டும் நிறுத்துங்கள். வழக்கு வரும் என்பதற்காக அல்ல, வராமலே போகலாம். நாளைக்கு ஒரு கல்லூரியோ அரசு அலுவலகமோ டெண்டரில் மென்பொருள் உரிமப் பட்டியல் கேட்டால் நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாத ஒரு வரி அதில் இருக்கும்.

உபுண்டுவை அவர்கள் கொடுத்தபடியே, ஒரு பைட்டும் மாற்றாமல் நிறுவிக் கொடுத்தால்? கேனோனிக்கல் எந்தத் துணிச்சலில் கொடுக்கிறதோ அதை நம்பி நீங்களும் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆனால் பெட்டியை விற்பவர் நீங்கள், ஜிபிஎல்லின் பார்வையில் விநியோகிப்பவரும் நீங்களே. இப்படிச் செய்யும் பலரை எனக்குத் தெரியும், நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

ஜூன் 18, பத்து நிமிடம் கழித்து

"பிடிஆர்எஃப்எஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று இதற்குள் மூன்று பேர். அது இன்னொரு கோப்பு முறைமை, கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஜிபிஎல், உரிமத் தொல்லை இல்லைதான். ரெய்டு 5, 6 (டிஸ்க் ஒன்றோ இரண்டோ போனாலும் தரவு தப்பும் அமைப்பு) வேண்டும் என்றால் மட்டும் அதன் கையேட்டில் உள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள். நாலு டிஸ்க்கை மிரர் செய்வதாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.